வலை இழுக்கிறவருக்கு நடை எதற்கு?

மாதந்தோறும் மாத்திரையோடு குப்பத்துக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர், கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்துவிட்டு, "மாத்திரையை விடாதீங்கண்ணே, அதோட தினம் அரை மணி நேரம் நடங்க" என்பார். பழவேற்காட்டில் லைட்ஹவுஸ் குப்பமானாலும் கூனங்குப்பமானாலும் கோட்டைக்குப்பமானாலும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "இன்னாம்மா, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து கடலுக்குப் போயி, வலை இழுத்து, போட்டைக் கரையேத்திட்டு இப்பதான் வந்து குந்தியிருக்கேன். என்னைப் போய் நடக்கச் சொல்றியே!"

அவர் சாக்குச் சொல்லவில்லை. நாள் முழுக்க உடம்பை வருத்தி உழைக்கிறவருக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு என்பது நியாயமான கேள்வி. டவுனில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குச் சொல்லும் அறிவுரையை அப்படியே தூக்கிவந்து மீனவரிடம் சொன்னால் எப்படி எடுபடும்? அந்தக் கேள்விக்கு இதயத்தின் பக்கம் நின்று பதில் சொல்லத்தான் இந்த அத்தியாயம். வலை இழுப்பதும் நடப்பதும் கைகால்களுக்கு உழைப்புதான். இதயத்துக்கு அவை இரண்டும் வேறு வேறு வேலை.

தமிழகத்தில் 2020-ல் தொற்றா நோய்கள் பற்றி நடந்த 'ஸ்டெப்ஸ்' ஆய்வில், பெரியவர்களில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காடு மட்டுமே. மருந்தை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கியதற்கு இந்த நிலைமையும் ஒரு காரணம். மாத்திரை வீடு வந்து சேர்ந்துவிட்டது. மாத்திரையால் மட்டும் ஆகாத பங்கு ஒன்று பாக்கி இருக்கிறது.

அழுத்தம் கூடினால் இதயத்துக்கு நேர்வது

இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அதன் இடது கீழறை சுருங்கி, ரத்தத்தை மகாதமனிக்குள் தள்ளுகிறது. தள்ள எவ்வளவு பலம் தேவை என்பது, உடம்பெங்கும் பரவிக் கிடக்கும் மிகச் சிறிய தமனிகளைப் பொறுத்தது. அவை தளர்ந்திருந்தால் ரத்தம் சுலபமாகப் போய்ச் சேரும். இறுகிக் கிடந்தால் அதே ரத்தத்தை அனுப்ப இதயம் கூடுதலாக அழுத்தியாக வேண்டும். முகத்துவாரம் மணலடைத்துக் குறுகிப்போனால் ஏரித் தண்ணீர் கடலுக்கு வடிய எப்படித் திணறும் என்று பழவேற்காட்டுக்காரருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏறக்குறைய அதே திணறலோடுதான் பிரஷர் உள்ளவரின் இதயம் ஆண்டுக்கணக்கில் வேலை செய்கிறது.

கூடுதல் சுமை தூக்கும் எந்தத் தசையும் தடிக்கும். இடது கீழறையின் சுவர் சாதாரணமாக ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும். பல வருட அழுத்தத்தில் அது மெல்ல மெல்லத் தடித்துப்போகிறது. "உழைச்ச தசை தடிச்சா பலம்தானே?" என்று சிலர் கேட்பதுண்டு. ஓட்டப்பந்தய வீரரின் இதயமும் பெரிதாகத்தான் ஆகிறது. ஆனால் அவருக்குச் சுவரோடு சேர்ந்து அறையும் விரிகிறது. சுவர் மிருதுவாகவே இருக்கிறது, பயிற்சியை நிறுத்தினால் பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. பிரஷரால் தடித்த சுவரோ விறைத்துப்போகிறது. சுருங்குவதில் குறை இருக்காது, தளர்வதில்தான் குறை. தளராத அறைக்குள் ரத்தம் முழுதாக நிரம்பாது. நிரம்பாத ரத்தம் பின்னோக்கி நுரையீரலில் தேங்கும். படுத்தால் மூச்சு முட்டுகிறது, நாலு படி ஏறினால் இளைக்கிறது என்று ஐம்பது வயதில் சொல்பவர் பலருக்கு உள்ளே நடந்துகொண்டிருப்பது இதுதான்.

தடித்த சுவருக்கு ரத்தமும் அதிகம் வேண்டும். அதற்கு ரத்தம் கொண்டுபோகும் இதயத் தமனிகளோ அதே அளவுக்கு வளர்வதில்லை. மேலறை இழுபட்டு இழுபட்டுத் துடிப்பு தாறுமாறாகிவிட்டால், அங்கே கட்டி தட்டும் ரத்தம் மூளைக்குப் போய்ப் பக்கவாதமாகவும் முடியலாம். இத்தனையும் வலியே இல்லாமல் நடக்கின்றன. தலை சுற்றவில்லை, வலிக்கவில்லை, எனவே பிரஷர் இல்லை என்று நினைப்பதைவிட ஆபத்தான நினைப்பு இந்த நோயில் வேறில்லை. சுவர் தடித்திருக்கிறதா என்று எக்கோ பரிசோதனையில் தெரியும். பல வருடமாகப் பிரஷர் உள்ளவர்கள், சென்னை ஸ்டான்லி போன்ற பெரிய அரசு மருத்துவமனைக்குப் போகும் வாய்ப்பு வந்தால், மருத்துவரிடம் கேட்டு ஒரு முறையாவது எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

தம் கட்டும் உழைப்பு

வலை இழுப்பவரைப் பக்கத்திலிருந்து பாருங்கள். கால் இரண்டையும் போட்டின் விளிம்பில் ஊன்றிக்கொள்கிறார். கயிறு உள்ளங்கையில் ஒரு சுற்று. பல்லைக் கடித்து, தம் கட்டி, உடம்பைப் பின்னால் சாய்க்கிறார். கழுத்து நரம்பு விரல் தடிமனுக்குப் புடைக்கிறது. வலை கனமாக இருந்தால் அதே பிடியில் நாலைந்து நொடி நிற்கிறார். அப்புறம்தான் மூச்சு 'ஹா' என்று வெளியே வருகிறது.

அந்த நாலைந்து நொடியில் தோளும் கையும் தொடையும் இறுகியபடியே நிற்கின்றன. இறுகிய தசை தனக்குள்ளே ஓடும் ரத்தக் குழாய்களைத் தானே நெரிக்கிறது. மூச்சைப் பிடித்ததால் நெஞ்சுக்குள்ளும் அழுத்தம் ஏறுகிறது. விளைவாகப் பிரஷரின் மேல் எண் (இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம்), கீழ் எண் (தளரும்போது உள்ளது) இரண்டும் ஒன்றாக எகிறுகின்றன. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1985-ல் பளு தூக்குபவர்களின் தமனிக்குள்ளேயே குழாய் செலுத்தி அளந்து பார்த்தார்கள். இரு கால்களாலும் பெரும் பளுவைத் தள்ளும்போது அழுத்தம் சராசரியாக 320/250 வரை ஏறியது. அவர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள். சில நொடிகளில் எண் கீழே இறங்கிவிட்டது, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏற்கெனவே 160-ல் நிற்கும், சுவர் தடித்த இதயத்துக்கு அதே ஏற்றம் ஒரு நாளில் எத்தனை தடவை வந்து போகிறது என்று எண்ணிப் பாருங்கள். போட்டைக் கரைமேல் தள்ளுவதும், ஐஸ் பெட்டி தூக்குவதும், இன்ஜினைத் தோளில் சுமந்து வருவதும் இதே கணக்கில்தான் சேரும்.

நடப்பது, துடுப்பு போடுவது, ஏரியில் மூங்கில் கழி ஊன்றி ஓடம் தள்ளுவது, சைக்கிள் மிதிப்பது ஆகியவை வேறு இனம். இவற்றில் தசை இறுகுகிறது, உடனே தளர்கிறது, மறுபடி இறுகுகிறது. தளரும் ஒவ்வொரு முறையும் ரத்தம் உள்ளே பாய்கிறது. தசைக்குள் இருக்கும் குழாய்கள் அகலமாகத் திறந்துகொள்கின்றன. இதயம் அதிக ரத்தத்தை அனுப்புவதால் மேல் எண் கொஞ்சம் ஏறும். கீழ் எண் இருந்த இடத்திலேயே நிற்கும், சிலருக்குச் சற்று இறங்கவும் செய்யும். இதயம் நிறைய வேலை செய்கிறது, ஆனால் எதிரே முட்டும் சுவர் இல்லாமல் செய்கிறது.

இந்த ஏரிக்கரையில் இரண்டு தலைமுறைக்குள் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கட்டுமரக் காலத்தில் கடலுக்குப் போவதும் வருவதும் துடுப்பிலும் பாயிலும்தான். மணிக்கணக்கில் சீராகத் துடுப்பு போட்டவருக்கு வலை இழுப்பது அந்த நாளின் ஒரு பகுதி மட்டுமே. இன்ஜின் வந்தது, 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் போட்டு எங்கும் பெருகியது. துடுப்பின் பளு குறைந்தது பெரிய நிம்மதி, அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்ஜின் எடுத்துக்கொண்டது இதயத்துக்கு நல்லதாக இருந்த உழைப்பை. மிச்சம் வைத்தது தம் கட்டும் உழைப்பை. "எங்க அப்பா எண்பது வயசு வரைக்கும் கடலுக்குப் போனாரு, ஒரு மாத்திரை தின்னதில்லை" என்று சொல்பவர்கள் இந்த வித்தியாசத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்பா செய்த உழைப்பு பாதிதான் மகனுக்கு வந்திருக்கிறது.

உழைப்பின் வகை முக்கியம் என்பதற்கு உலகத்தில் சாட்சி உண்டு. லண்டன் மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களை ஆராய்ந்து 1953-ல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் எழுதினார்: நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிக்கொண்டிருந்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. படியேறுவது தாளத்தோடு செய்யும் உழைப்பு. அதற்கு மறுபக்கமாக, கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சுமார் 10 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2021-ல் வெளியான ஆய்வு, ஓய்வு நேரத்தில் உடலை அசைப்பவர்களுக்கு இதய நோய் குறைவாகவும், வேலையிலேயே உடலை மிகவும் வருத்துபவர்களுக்குக் கூடுதலாகவும் இருந்ததைக் காட்டியது. வருமானம், பீடி சிகரெட் போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. வேலையில் பளு தூக்குவதும் ஒரே நிலையில் நிற்பதும் அதிகம், ஓய்வு குறைவு, அதனால் நாள் முழுக்க அழுத்தம் இறங்க இடமே கிடைப்பதில்லை என்பது ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று.

இதைப் படித்துவிட்டு வலை இழுப்பதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். இழுக்கும்போது மூச்சை விடுங்கள். கயிறு உங்களை நோக்கி வரும்போது வாய் வழியாகக் காற்று வெளியே போகட்டும், பிடியை மாற்றும்போது உள்ளே இழுங்கள். அந்தக் காலத்தில் கரைவலை இழுத்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ஐலசா போட்டார்கள். வாய் விட்டுக் குரல் கொடுத்துக்கொண்டே தம் கட்ட யாராலும் முடியாது. இப்போது கூச்சப்பட்டு அதை விட்டுவிட்டோம். பிரஷர் உள்ளவர் இருக்கும் போட்டில் அதை மீண்டும் கொண்டுவாருங்கள்; மற்றவர்களுக்கும் நல்லதுதான்.

நடந்தால் உள்ளே நடப்பது

முதல் மாற்றத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். அரை மணி நேரம் வேகமாக நடந்து உட்கார்ந்ததும், நடக்கும் முன் இருந்ததைவிட அழுத்தம் சில புள்ளிகள் இறங்கும். இந்த இறக்கம் பல மணி நேரம் நிற்கும், சிலருக்கு ஏறக்குறைய ஒரு நாள்கூட நீடிக்கும். வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு மணி நேரம் நடப்பதைவிடத் தினமும் அரை மணி நேரம் நல்லது என்று சொல்வதன் காரணம் இதுதான். நேற்றைய நடையின் பலன் தீர்வதற்குள் இன்றைய நடை வந்துவிட வேண்டும்.

இறக்கம் எங்கிருந்து வருகிறது? ரத்தம் வேகமாக ஓடும்போது குழாயின் உள்சுவரை உரசிக்கொண்டு போகிறது. அந்த உரசலை உணரும் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கிறது. அது குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்தி, குழாயை விரிக்கிறது. பிரஷரும் சுகரும் பீடியும் இந்தச் சுரப்பைத்தான் மங்கச் செய்கின்றன. நடை அதை மறுபடி எழுப்புகிறது. வாரக்கணக்கில் தொடர்ந்தால் பெரிய தமனிகளின் விறைப்பும் கொஞ்சம் குறைகிறது.

அடுத்து நரம்புகள். உடம்பை எப்போதும் உஷார் நிலையில் வைக்கும் நரம்புகளின் பிடி, இரண்டு மூன்று மாத நடையில் தளர்கிறது. அமைதிப்படுத்தும் நரம்பின் கை ஓங்குகிறது. காலையில் படுக்கையில் இருந்தபடியே நாடி பார்த்தால் இது தெரியும். நிமிடத்துக்கு 80 துடித்த நாடி 72-க்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்குப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட துடிப்புகள் மிச்சம். துடிப்பு நிதானமாகும்போது இரண்டு துடிப்புக்கு நடுவே கிடைக்கும் ஓய்வு நீள்கிறது. இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் போய்ச் சேர்வதே அந்த ஓய்வு வேளையில்தான், ஏனெனில் சுருங்கும்போது அது தன் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. விறைத்த அறை நிரம்புவதற்கும் அந்தக் கூடுதல் நேரம் உதவுகிறது. மேலே சொன்ன மூச்சுத் திணறலுக்கு நடை நேரடியாகப் பரிகாரம் செய்யும் இடம் இது.

மூன்று மாதம் விடாமல் நடப்பவருக்கு மேல் எண் சராசரியாக 5 முதல் 8 புள்ளி வரை இறங்கும் என்பது பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் கிடைத்த கணக்கு. எட்டுப் புள்ளிதானா என்று தோன்றலாம். ஒரு பிரஷர் மாத்திரை பலருக்கும் இறக்குவது ஏறக்குறைய அந்த அளவுதான்.

சுவர் தடிப்பு குறையுமா என்பதே எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி. வாஷிங்டனில் உள்ள முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் பீட்டர் கொக்கினோஸும் சக மருத்துவர்களும், கடுமையான பிரஷர் உள்ள 46 கறுப்பின ஆண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை வாரம் மூன்று நாள் நிலையான சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். 1995-ல் வெளியான முடிவு இது: 16 வாரத்தில் கீழ் எண் 88-லிருந்து 83-க்கு இறங்கியது, இடது கீழறையின் எடையும் நடுச்சுவரின் தடிமனும் குறைந்திருந்தன. மேலும் 16 வாரம் தொடர்ந்தபோது மருந்தின் அளவைக் கணிசமாகக் குறைத்த பிறகும் அழுத்தம் கீழேயே நின்றது. அவர்களில் 76 வயதுக்காரரும் இருந்தார். "இந்த வயசுக்கு மேல இன்னா ஆவப்போவுது" என்று கையை விரிக்கும் பெரியவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். மருந்தைக் குறைத்தவர்கள் மருத்துவர்கள், நோயாளிகள் தாங்களாகக் குறைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

நிறுத்தினால்? சில வாரங்களில் பலன் கரைந்துவிடும். இதை மறைப்பதில் அர்த்தமில்லை.

எங்கே, எப்போது, எவ்வளவு

2023 நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்தது. குப்பத்துக்காரருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அலை நனைத்துவிட்டுப் போன கெட்டி மணல் போதும். உலர்ந்த மெத்து மணலில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அதில் கால் புதைவதால் அதே தூரத்துக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். புதிதாக நடப்பவரின் இதயத்துக்கு அது திடீர்ச் சுமை. கடற்கரை சரிவாக இருந்தால் போகும்போது ஒரு திசை, வரும்போது எதிர்த்திசை என்று நடங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்க முட்டியும் இடுப்பும் வலிக்கும். பழவேற்காட்டிலிருந்து லைட்ஹவுஸ் குப்பம் போகும் பாலத்தில் நடக்கலாம். வெளிச்சம் இருக்கும்போது மட்டும், வண்டிகளுக்கு எதிர்முகமாக.

நேரம் அவரவர் தொழிலைப் பொறுத்தது. இரவில் கடலுக்குப் போனவர் கரைக்கு வந்ததும் நடக்க வேண்டாம். முதலில் தூக்கம். தூக்கம் கெட்டாலே பிரஷர் ஏறும். அதைக் கெடுத்து நடப்பதில் லாபம் இல்லை. தூங்கி எழுந்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நடந்தால் போதும். ஏரித் தொழில் செய்பவர்களுக்கு வசதியாக, முறைவைத்து மீன் பிடிக்கும் பாடு முறை இருக்கிறது. தமக்குப் பாடு இல்லாத நாளில் வலையைப் பிரித்துப்போட்டுக் காலை முதல் மாலை வரை உட்கார்ந்து பின்னுவது வழக்கம். அந்த நாட்களே நடையின் நாட்கள். ஏரியில் இன்ஜினை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் ஒரே சீராகக் கழி ஊன்றிப் போனாலும் அது நடைக்குச் சமமே. சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையில் கால் வைக்க முடியாத நாட்களில் வீட்டு வராந்தாவிலேயே முன்னும் பின்னுமாக நடக்கலாம். மூன்று தடவை பத்துப் பத்து நிமிடமாகச் சேர்ந்தாலும் அரை மணி நேரக் கணக்கில் வரும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம். முதல் வாரமே அதை எட்ட முயல வேண்டாம். முதல் இரண்டு வாரம் பத்து நிமிடம். அப்புறம் வாரத்துக்கு ஐந்து நிமிடமாக ஏற்றிக்கொண்டே போனால், இரண்டு மாதத்துக்குள் அரை மணி நேரம் சாதாரணமாகிவிடும். முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாக. நடுவில், நிமிடத்துக்குச் சுமார் 100 அடி. எண்ணிக்கொண்டிருக்கப் பிடிக்காதவருக்கு எளிய அளவு உண்டு: பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பேச்சு திக்கினால் வேகம் அதிகம். சினிமாப் பாட்டை முழுதாகப் பாட முடிந்தால் வேகம் போதாது.

வியர்க்கிறதே என்று உப்பு கூட்ட வேண்டாம். அரை மணி நேர நடைக்குத் தண்ணீரும் உப்பு போடாத மோரும் போதும். கருவாட்டின் உப்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பெண்கள்

ஏலத்துக்கு ஓடுவது, மீன் ஆய்வது, கருவாடு காயவைப்பது, தண்ணீர்க் குடம் தூக்குவது என்று பெண்களின் உழைப்பும் பெரும்பாலும் தூக்குவதும் குந்துவதுமாகத்தான் இருக்கிறது. தலையில் கூடையோடு ஊர் ஊராக நடந்து விற்ற காலத்தில் அவர்களுக்கு நடை தானாகக் கிடைத்தது. ஷேர் ஆட்டோ வந்தபின் அதுவும் போயிற்று. ஏரியில் இடுப்பளவு தண்ணீரில், பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் மணிக்கணக்கில் நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள். ஆனால் அது குனிந்தபடி, மெதுவாக, அடிக்கடி நின்று நகரும் நகர்வு. இதயம் வேகமெடுக்கும் அளவுக்கு அது போவதில்லை.

மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்குப் பிரஷர் ஏறும் வாய்ப்பு கூடுகிறது. அந்த வயதில்தான் பேரப்பிள்ளை, அடுப்படி என்று வீட்டோடு அடங்குகிறார்கள். "பொம்பளை தனியா ரோட்ல நடந்தா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க" என்று தயங்குபவர்களிடம் தைரியமாகப் போங்கள் என்று சொல்லிப் பயனில்லை. சுய உதவிக் குழு இருக்கிறதே, நாலைந்து பேராகச் சேர்ந்து போங்கள். கூட்டம் முடிந்த கையோடு எழுந்து நடப்பது என்று வைத்துக்கொண்டால் தனியாக ஒரு ஏற்பாடும் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு வரும் பிரஷர் வேறு வகை. அவர்கள் செவிலியரையோ மருத்துவரையோ கேட்காமல் இந்த அத்தியாயத்தைப் பின்பற்றக் கூடாது.

மாத்திரை, பரிசோதனை, அபாயம்

நடக்க ஆரம்பித்தோம், மாத்திரையை நிறுத்தினோம் என்று ஒருவரும் செய்துவிடக் கூடாது. குறிப்பாக அடினோலால் சாப்பிடுபவர் திடீரென்று நிறுத்தினால் துடிப்பும் அழுத்தமும் எகிறி, நெஞ்சுவலிவரை போகலாம். அதே அடினோலால் நாடியை அடக்கியே வைத்திருக்கும் என்பதால், அதைச் சாப்பிடுபவர்கள் நாடியை வைத்து வேகத்தை மதிப்பிடக் கூடாது. பேச்சு அளவையே நம்ப வேண்டும். அம்லோடிபினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். நடையால் வீங்கியது என்று எண்ணி நடையை விட்டுவிடாமல், வீக்கத்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர் போகும் மாத்திரை சாப்பிடுபவர் வெயிலில் நடந்தால் தண்ணீர்ச் சத்து குறைந்து தலை கிறுகிறுக்கும். யாரானாலும் வேகமாக நடந்துவிட்டுச் சட்டென்று நின்றால் அழுத்தம் மளமளவென்று இறங்கி மயக்கம் வரலாம். கடைசி ஐந்து நிமிட மெதுநடையை இதற்காகத்தான் விடக் கூடாது. சுகர் உள்ளவர்கள் வெறுங்காலோடு கரையில் நடக்கவே கூடாது. கிளிஞ்சல் கீறியது தெரியாமலே புண் புரையோடிப்போகும்.

பிரஷர் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று கரையிலிருந்து ஓடிவந்து கையை நீட்டாதீர்கள். வலை இழுத்த கை இறங்கி ஐந்து நிமிடமாவது முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் டீ, பீடி கூடாது. இல்லாவிட்டால் இல்லாத பிரஷரும் இருப்பதாகக் காட்டும். அப்படிப் பார்த்தும் 180/110-க்கு மேல் இருந்தால் அன்று நடை வேண்டாம். நேராக ஆரம்ப சுகாதார நிலையம். ஏற்கெனவே மாரடைப்பு, நெஞ்சுவலி, இதய வீக்கம் என்று சொல்லப்பட்டவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

நடக்கும்போது நெஞ்சின் நடுவில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, அளவுக்கு மீறிய மூச்சிரைப்பு, குளிர்ந்த வியர்வை, துடிப்பு தாறுமாறாவது என்று எது வந்தாலும் அங்கேயே உட்காருங்கள். 'வாயு பிடிச்சிருக்கு' என்று சோடா குடித்துக் காத்திருந்து போன உயிர்கள் அதிகம். 108-ஐக் கூப்பிடுங்கள். 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டப்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் மாரடைப்புக்கு முதலில் கொடுக்க வேண்டிய 14 மாத்திரைகள் தயாராக வைக்கப்பட்டிருக்கின்றன. பொன்னேரிக்கோ சென்னைக்கோ வண்டி கிளம்பும் முன் அவற்றை அங்கே கேளுங்கள். கடலில் இருக்கும்போது வந்தால் வலையை அறுத்துவிட்டாவது கரைக்குத் திரும்ப வேண்டும். வலையை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். வலி வந்தவர் இன்ஜினையோ கயிற்றையோ தொடவே கூடாது, கூட இருப்பவர்தான் ஓட்ட வேண்டும்.

வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் ஒரு பழைய நோட்டில் மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள்: தேதி, எத்தனை நிமிடம் நடந்தது, தன்னார்வலர் வந்து பார்த்த நாளில் பிரஷர் எவ்வளவு. மூன்று மாதம் கழித்து அந்த நோட்டோடு சுகாதார நிலையம் போங்கள். மேல் எண் 140-க்கும் கீழ் எண் 90-க்கும் கீழே தொடர்ந்து நிற்கிறது என்றால், மாத்திரையின் அளவை என்ன செய்யலாம் என்று மருத்துவரிடமே கேளுங்கள். நோட்டைப் பார்த்து அவர் முடிவு செய்வார். எண் இறங்கவில்லை என்றாலும் நோட்டைக் கொண்டுபோங்கள்; நடந்தும் இறங்காத பிரஷருக்கு மாத்திரையைக் கூட்டவோ மாற்றவோ, சிறுநீரகத்தைப் பரிசோதிக்கவோ வேண்டியிருக்கும். அதை அவர் முடிவு செய்ய, நீங்கள் நடந்தீர்களா இல்லையா என்பது முதலில் தெரிந்தாக வேண்டும்.